பதினேழாம் எண் ரத்தம்

ஓசூர்,
16.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சத்யப்ரியா எழுதுகிறேன். நானும் அவரும் பாப்பாவும் சுகம். நீங்கள், அண்ணன், பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் அதுவே பெரிசு.

மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள் எதற்குப் பால்வாடி விலாசத்துக்கு எழுதுகிறாள் என்று தோன்றும். போன் செய்தால் அண்ணன் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார். அசோக்குமாரைக் கட்டிக்கொண்ட அன்றிலிருந்து அப்படித்தானே. உங்கள் போனோ பாதி நேரம் பிள்ளைகள் கையில் இருக்கும். நான் சொல்வது உங்கள் ஒருவர் கண்ணில் மட்டும் பட வேண்டும். பால்வாடிக்கு வருகிற தபாலை டீச்சரைத் தவிர யார் பிரிக்கப்போகிறார்கள்?

நேராகவே கேட்டுவிடுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அடிவயிற்றில் வலி, உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி இருப்பது, இப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றாலும் சரி. ஒரு நாள் லீவு போட்டு, கிருஷ்ணகிரி போய் வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். சொல்ல முடிந்தால் சொல்ல மாட்டேனா?

பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். அண்ணனிடம் நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள்,
சத்யா


நாகரசம்பட்டி,
27.2.2025

சத்யாவுக்கு அண்ணி மணிமேகலை எழுதுவது.

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நல்லபடியாக இருக்க முருகன் துணை நிற்கட்டும்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உனக்குப் பெண் குழந்தை பிறந்ததைக் காவேரிப்பட்டணம் சந்தையில் யாரோ சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அதைச் சொல்லக்கூட ஒரு கார்டு போடாதவள், இப்போது என் வயிற்றைப் பற்றி விசாரிக்கிறாய். ஏன் என்றும் கேட்கக் கூடாதாம். இதை நீ எனக்கு எழுதவில்லை, யாரோ உன்னை எழுத வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

தை மாசம் எங்கள் பால்வாடியில் ரத்தக் கேம்ப் போட்டார்களே, அந்தக் கம்பெனியில்தான் நீ வேலை பார்க்கிறாயா? அன்றைக்கு வந்தவர்களில் உன் முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கேம்ப்பில் எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று என்னிடம் வாயைப் பிடுங்கச் சொன்னார்களா? நாற்பது பேர் வேண்டும் என்றார்கள். நாற்பது பேரைக் கூட்டிவைத்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், இனாமாகக் கொடுத்த ஹாட்பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்கு வலியும் இல்லை, உப்புசமும் இல்லை. காலையில் ஐந்து இட்லி சாப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். அந்த மெஷின் ரத்தம் யாருடையது என்றுகூடக் கண்டுபிடிக்குமா?

இப்படிக்கு,
மணிமேகலை


ஓசூர்,
5.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பாவுக்கு இரண்டு நாளாகச் சளி. மற்றபடி நாங்கள் நலம். நீங்கள் ஐந்து இட்லி சாப்பிடுவதாகப் படித்ததில் பாதி மூச்சு வந்தது. மீதி இன்னும் வரவில்லை.

என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதுவது தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். ஆமாம், உங்கள் ஊரில் கேம்ப் போட்டது எங்கள் கம்பெனிதான். இனி மறைத்துப் பயனில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் போல ஒன்றைத்தான் நாங்கள் செய்கிறோம். சினைப்பையில் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடும். ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கிற மருந்து அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிறகு துளி மின்சாரம் கொடுத்தால், பிடித்த இடமெல்லாம் ஒளிரும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். இருட்டுப் பெட்டிக்குள் ஒரு கேமரா அதை அளந்து எண்ணாகக் காட்டும். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை.

நாற்பது பேர் ரத்தமும் பெயரில்லாமல், எண் ஒட்டித்தான் எங்களிடம் வந்தது. யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. ஆனால் ஒருநாள் ஆள் குறைந்துபோய், நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பதினேழாம் எண்: மணிமேகலை, க/பெ சிவராஜ்.

மற்றவர்களுக்கெல்லாம் பத்து, பதினைந்து, இருபது என்றுதான் வந்திருந்தது. பதினேழுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. மூன்று முறை புது ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் நானூறுக்கு மேல்.

எண் கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை அண்ணி. சாதாரணக் கட்டி இருந்தாலும் கூடும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். எனக்குச் சந்தேகம் எங்கள் சூப்பர்வைசர் தினேஷ்குமார் மேல். பதினேழின் மேல் சிவப்புக் கோடு இழுத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார். ஏன் சார் என்றால், “ஸ்ட்ரிப் போடறது உன் வேலை. அதைப் பாரு” என்கிறார். கருவிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. தொல்லை என்று நினைத்து மறைக்கிறார்களோ என்னவோ.

மெஷினுக்கு யார் ரத்தம் என்றெல்லாம் தெரியாது. ஏன் அப்படிக் கேட்டீர்கள்?

தாமதிக்க வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள்,
சத்யா


நாகரசம்பட்டி,
2.4.2025

சத்யாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்குப் பரீட்சை நடக்கிறது. உன் குழந்தைக்குச் சளி விட்டதா? துளசியும் ஓமவல்லியும் கசக்கிக் கொடு.

நீ எழுதியதற்காகவே உன் அண்ணனிடம் மீட்டிங் என்று பொய் சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரி போய் ஸ்கேன் எடுத்தேன். ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். கருப்பை, சினைப்பை, ஈரல், எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நன்றாகப் பார்த்துக்கொள். தேதியும் பெயரும் என்னுடையதுதான்.

அதனால் உன் மெஷின்தான் பொய் சொல்கிறது. இன்னும் சோதனையில் இருக்கிற மெஷின் என்று கேம்ப்புக்கு வந்தவர்களே சொன்னார்கள். அதை நம்பி நீ என்னைப் பாதி சாகடித்துவிட்டாய். இத்தோடு விட்டுவிடு.

இங்கே எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எங்களுக்குத் தண்ணீர் எடுத்து, காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த முனிலட்சுமியும் போன வாரம் மாந்தோப்பு வேலைக்கென்று வேப்பனப்பள்ளிப் பக்கம் போய்விட்டாள். நானே அடுப்பையும் பார்த்து, பிள்ளைகளையும் எடை போட்டு எழுத வேண்டியிருக்கிறது. மேற்பார்வையாளர் பதவி உயர்வுப் பட்டியலில் இந்த வருஷம் என் பெயர் வந்திருக்கிறது. பதினெட்டு வருஷ உழைப்பு. இந்தச் சமயத்தில் கேம்ப், ரத்தம் என்று ஆபீஸ் வரைக்கும் பேச்சுப் போக வேண்டாம்.

எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

மணிமேகலை


ஓசூர்,
9.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பாவுக்குச் சளி போய்விட்டது. ஓமவல்லிதான் கேட்டது. ஸ்கேன் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நீங்கள் நன்றாக இருப்பது எனக்குப் போதும்.

ஆனால் ஒரு சந்தேகம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வயிறு சரியாக இருக்கிறது என்றால் நானூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? அந்த மாசம் செய்த ஸ்ட்ரிப் கெட்டிருந்தால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லையே. குழாயில் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டார்களா? தினேஷ்குமார் கோடு இழுத்தது அதை மூடத்தானா?

கேம்ப் அன்று என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் யார் உட்கார்ந்தார்கள், பின்னால் யார், குழாயில் உங்கள் எதிரிலேயே ஒட்டினார்களா? சீக்கிரம் எழுதுங்கள்.

அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாக மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சத்யா


ஓசூர்,
11.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாசம் ஆகிவிட்டது, பதில் இல்லை. வெயிலில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எல்லோரும் சுகம்.

பதினேழாம் எண்ணில் மிச்சம் வைத்திருந்த ரத்தத்தை, புதிதாக வந்த ஸ்ட்ரிப்பில் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தேன். நானூற்று ஆறு. மெஷின் பொய் சொல்லவில்லை அண்ணி. அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரி உங்கள் ஊரில் எங்கேயோ இருக்கிறாள். அவளுக்கே தெரியாது. சோறு தின்று, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

பதினாறும் பதினெட்டும் யார் என்று படிவத்தில் பார்த்துவிட்டேன், பூவம்மாள், பார்வதி. அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். டீச்சர் சொன்னால் கேட்பார்கள்.

சத்யா


நாகரசம்பட்டி,
19.5.2025

சத்யப்ரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பூவம்மாளுக்கும் ஒன்றுமில்லை, பார்வதிக்கும் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். கேம்ப் அன்று இருந்த கூட்டத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்றெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

உன் கம்பெனியில் நடந்த தப்புக்கு என்னை எதற்கு இழுக்கிறாய்? அண்ணன் உன்னைச் சேர்க்கவில்லை என்கிற கோபத்தை என் வேலையில் காட்டுகிறாயா? இனிமேல் பால்வாடி விலாசத்துக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

மணிமேகலை


ஓசூர்,
24.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பிரிக்க மாட்டேன் என்றாலும் பிரிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு இப்போது என்னைவிட அதிகப் பயம்.

முந்தாநாள் உங்கள் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேம்ப்பிலேயே ஒரு துளி எடுத்து ரத்த வகை பார்த்து எழுதியிருக்கிறார்கள். பதினேழாம் எண், ஓ பாசிட்டிவ். சின்னவள் பிறந்தபோது உங்களுக்குப் பி நெகட்டிவ் கிடைக்காமல் அண்ணன் தர்மபுரி வரைக்கும் அலைந்தார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவள் நான். எனக்கு மறக்குமா? குழாய் மாறவில்லை அண்ணி. ஆள் மாறியிருக்கிறது.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் தினேஷ்குமார் வந்துவிட்டார். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

“கோடு போட்டு மறைச்சீங்களே சார், அந்தப் பொம்பள செத்தா யார் பொறுப்பு?”

அவர் சத்தம் போடவில்லை. “மறைச்சேன்னு யார் சொன்னா? எண் இவ்வளவு கூடுனா நம்ம பட்டியல்ல இருந்து எடுத்து டாக்டர்கிட்ட அனுப்பணும், அதுதான் முறை. சிவப்புக் கோட்டுக்கு அதுதான் அர்த்தம். டாக்டர் சொல்லி அந்தம்மாவுக்கு ரெண்டு ரிஜிஸ்டர் தபால் போட்டாச்சு. ரெண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. ஒரு வார்த்தை பதில் இல்ல” என்றார். மேஜையைத் திறந்து ஒப்புதல் அட்டைகளைக் காட்டினார். பிப்ரவரி பதினான்கு. மார்ச் இருபது. இரண்டிலும் உங்கள் கையெழுத்து. ‘மணி’க்குக் கீழே நீங்கள் இழுக்கிற அந்த வால்.

நாலு மாசமாக நான் ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் முதல் கடிதம் வருவதற்கு முன்பே உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த மெஷினுக்கு யார் ரத்தம் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரிந்துகொண்டேதான் ஸ்கேன் எடுத்தீர்கள்.

அது யார் ரத்தம் அண்ணி? பதினைந்து நாள் பார்ப்பேன். அப்புறம் நேரில் வந்து நாகரசம்பட்டியில் வீடு வீடாகக் கேட்பேன். அண்ணன் வாசலில் நிற்கவைத்தாலும் கேட்பேன்.

சத்யா


நாகரசம்பட்டி,
8.6.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன். முன்பெல்லாம் வழக்கத்துக்காக எழுதினேன்.

முனிலட்சுமியின் ரத்தம்.

கேம்ப் அன்று முப்பத்தொன்பது பேர்தான் சேர்ந்தார்கள், எண்ணிக்கைக்காக நானும் பெயர் கொடுத்துப் பதினேழாம் எண் வாங்கியிருந்தேன். அவள் ஆசையாக வந்து உட்கார்ந்தாள். ஆதாரில் ஆந்திராவிலுள்ள குப்பம் விலாசம் இருக்கிறது, ஆந்திராக்காரர்களை எடுக்க மாட்டோம் என்று எழுப்பிவிட்டார்கள். ஹாட்பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஊசி என்றால் பயம், ஹாட்பாக்ஸும் வேண்டாம். “என் சீட்டுல போய் உக்காரு, பேர் கேட்டா மணிமேகலைன்னு சொல்லு” என்றேன். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவள் கையை நீட்டினாள். அதில் ஒரு பாவமும் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

மாசி பிறந்த மறுநாள் முதல் தபால் வந்தது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். அரசு வேலையில் இருந்துகொண்டு, பொய்க் கையெழுத்து. வெளியே வந்தால் பதவி உயர்வு மட்டுமா, இருக்கிற வேலையும் போகும். தபாலைச் சத்துமாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவளிடம், “வயித்துக்கு ஒருதரம் காட்டிட்டு வாயேன்” என்று பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தேன். “ஏமி லேதக்கா, கேஸு” என்று, ஒன்றுமில்லை வெறும் வாயுதான் என்று சிரித்தாள். அதுவே எனக்குச் சாக்காகிவிட்டது. அவள் தோப்பு வேலைக்குப் போனபோது, சத்யா, எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. ஸ்கேன் மேஜையில் படுத்தபோது என் வயிற்றில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். காகிதம் வேண்டும் என்றுதான் படுத்தேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலம் எல்லாக் கடிதங்களையும், அந்த இரண்டு தபாலையும் உன் அண்ணன் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “என் தங்கச்சி மாசியில எழுதினதையா நீ வைகாசியில காட்டுற?” என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் பைக்கை எடுத்தார்.

ஐந்து நாள் தேடினோம். வேப்பனப்பள்ளியில் தொடங்கி ஒவ்வொரு தோப்பாக விசாரித்தோம். ஒரு தோப்பில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம். கர்நாடக எல்லை ஓரமாக ஒரு தோப்பில் தார்ப்பாய்க்குக் கீழே மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கையும் காலும் குச்சியாகிவிட்டது. வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கிறது.

“நாப்பத்தெட்டு வயசுல மாசமா இருக்கியான்னு இவளுங்க கேலி பண்றாளுங்க டீச்சரக்கா” என்றாள்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். “சும்மா ஒருதரம் ஆஸ்பத்திரி போய் வரலாம் வா” என்று கூப்பிட்டேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. டீச்சர் கூப்பிட்டால் வருகிறவள். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் மகன் பெங்களூரில் கட்டட வேலை. தகவல் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

எங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எழுது.

மணிமேகலை


ஓசூர்,
11.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இதை என் வீட்டுக்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பி இனி ஒருநாளும் போக வேண்டாம். நேற்று அண்ணன் போன் செய்தார். “ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துட்டுப் போணும்னு எழுதிக் குடுத்தனுப்பு” என்றார், வைத்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு அது நிறையப் பேச்சு.

எங்கள் டாக்டர் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இருக்கிறது. பழைய இரண்டு தபாலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் மணிமேகலை என்றுதான் இருக்கும். சீட்டிலும் அப்படித்தான் எழுத முடிந்தது, ஏனென்றால் கம்பெனிப் பதிவில் அந்தப் பெயர்தான். முனிலட்சுமி என்று மாற்ற வேண்டுமானால் மாற்றிச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நான் செய்ததையெல்லாம் தினேஷ்குமாரிடம் சொல்லிவிட்டேன். எழுதிக் கொடு என்றார், கொடுத்துவிட்டேன். மேலே என்ன முடிவெடுப்பார்களோ தெரியாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் நீங்கள் அவளைத் தேடிப் போனீர்கள்.

அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நான் யார் என்று கேட்டால், என்ன சொல்வீர்களோ சொல்லுங்கள். நாளைக்கே கிளம்புங்கள்.

சத்யா


தர்மபுரி,
20.7.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் உன் அண்ணன் சமைக்கிறார், பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். பாப்பா நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். கேட்டதும் நல்லா இருந்தது.

முதல் நாள் நடந்ததை நான் உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பதிவு செய்கிற இடத்தில் சீட்டைக் கொடுத்தோம். “மணிமேகலை யாரு?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முனிலட்சுமி முன்னால் போய், “நானுதாங்க” என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கஷ்டம் வந்துவிடக் கூடாதாம். கேம்ப் அன்று நான் சொல்லிக்கொடுத்த பெயரை ஐந்து மாசமாக மறக்காமல் வைத்திருக்கிறாள்.

பின்னால் நீள வரிசை. நம்ம ஊர் ஆட்களும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். நான் சொன்னேன். “இல்லீங்க. மணிமேகலை நான். இவங்க பேரு முனிலட்சுமி. என் பேருல இவங்களை ரத்தம் குடுக்க வெச்சது நான்தான்.” எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். “இதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றார். போட்டேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. தேங்காய் அளவுக் கட்டி. வயிற்றின் உள்பக்கம் கொஞ்சம் பரவியிருக்கிறதாம். ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். நேற்று முதல் தடவை ஏற்றினார்கள். நாலு மாசம் முன்னால் வந்திருந்தால் பரவியிருக்காதா என்று டாக்டரைக் கேட்டேன். “அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல மாட்டேன்” என்றார். தப்பிக்கலாம், நிறையப் பேர் தப்பித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு ஆபீஸிலிருந்து மெமோ வந்துவிட்டது. அங்கே எழுத்தராக இருக்கிற மோகன்குமார், “கேம்ப்காரங்க பேரை மாத்தி எழுதிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டீச்சர், முடிச்சுடலாம்” என்று வழி சொன்னார். அப்படி எழுதினால் அது படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய உன் தலையில்தான் விடியும். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இப்போது இல்லை. இருக்கிற வேலை என்னாகும் என்று விசாரணைக்குப் பிறகு தெரியும். உன்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று அறிந்து சந்தோஷம்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் அவள் என்னைக் கேட்டாள். “டீச்சரக்கா, உங்களுக்கு எப்பத் தெரியும்?”

சித்திரையில் என்று சொல்லலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “மாசியில” என்றேன்.

விரலை மடக்கி எண்ணினாள். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் பேசவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியை மகன் கையால்தான் வாங்கிக் குடித்தாள். நான்காம் நாள் மகன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அப்புறம் வேறு வழியில்லாமல் என் கையால் குடிக்கிறாள்.

இன்று காலை பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தாள், பரூர்க்காரி. என்னைக் காட்டி, “இவங்க உன் அக்காவா?” என்று அவளைக் கேட்டாள்.

முனிலட்சுமி என்னை ஒருதரம் பார்த்தாள். “எங்க ஊரு டீச்சரு. எனக்கு நோவுன்னு தெரிஞ்சும் நாலு மாசம் மறைச்சவங்க. தினம் ரெண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டாராங்க” என்றாள்.

சொல்லும்போது சிரித்தாளா என்று கேட்காதே. நான் தலையை நிமிர்த்தவில்லை. கஞ்சி சூடாக இருந்தது, ஆற்றிக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணி,
மணிமேகலை